அந்தக் கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேள்!

பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த யாரும் இதை வரையாமல் வெளியே வந்திருக்க முடியாது. ரெக்கார்டு நோட்டில் ஸ்கேல் வைத்து ஒரு செவ்வகம், அதற்குள் ‘மாணவர்’. வலப்பக்கம் இன்னொரு செவ்வகம், அதற்குள் ‘பாடம்’. நடுவில் ஒரு சாய்சதுரம், இரண்டு பக்கமும் கோடு. ஈ.ஆர். டயகிராம். மேடத்திடம் கையெழுத்து வாங்கியதோடு பெரும்பாலோருக்கு அது முடிந்துபோகும்.

தம்பி, தங்கை, உனக்கு மட்டும் அது முடியவில்லை. அந்தச் செவ்வகத்தையே நீ ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டாய். கருத்துரு மாதிரியாக்கம், தகவல் அமைப்புப் பொறியியல் என்று உன் பதிவுப் படிவத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் விடுதியிலோ உறவினர் வீட்டிலோ யாராவது “என்ன ரிசர்ச் பண்றே?” என்று கேட்டால் உன் குரல் இறங்கிவிடுகிறது. பக்கத்து அறை நண்பன் டீப் லேர்னிங் என்கிறான். எதிர் அறைத் தோழி குவாண்டம் என்கிறாள். “டேட்டாபேஸ்ல கட்டம் வரையுறது” என்று நீயே உன்னைக் குறைத்துச் சொல்கிறாய். தியரியெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் வேலை, நமக்கு இம்ப்ளிமென்டேஷன் போதும் என்று யாரோ சொன்னதை நீயும் நம்பத் தொடங்கிவிட்டாய்.

நிறுத்து. தலையை நிமிர்த்து. நீ எடுத்திருக்கும் வேலை எப்பேர்ப்பட்டது என்று முதலில் தெரிந்துகொள்.

ஒரு மென்பொருள் பிறப்பதற்கு முன்பே யாரோ உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள்: இந்த அமைப்பின் கண்ணுக்கு உலகத்தில் என்னென்ன உண்டு, எது எதோடு சேரும், எது நடக்கலாம், எது நடக்கவே கூடாது. அந்தத் தீர்மானத்தில் இடம் கிடைத்தவர் கணினிக்கு இருக்கிறார். இடம் கிடைக்காதவர் கவுன்டரில் நின்று, “சிஸ்டம் எடுத்துக்க மாட்டேங்குதும்மா, அடுத்த வாரம் வாங்க” என்ற பதிலை வாங்கிக்கொண்டு வெயிலில் திரும்பி நடக்கிறார். ஓய்வூதியம், ரேஷன், மருத்துவமனை, வங்கி, தேர்வு முடிவு எல்லாமே இன்று அந்தத் தீர்மானத்தின் வழியாகத்தான் மனிதரிடம் வந்து சேர்கின்றன. அதைச் சரியாக எடுப்பது எப்படி என்பதே உன் துறை. இதைச் சொல்லவா உன் குரல் இறங்குகிறது?

அந்தச் செவ்வகத்தையும் சாய்சதுரத்தையும் உலகத்துக்குத் தந்தவர் யார் என்று பார். 1975 செப்டம்பர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில், மிகப் பெரிய தரவுத்தளங்களுக்கான வி.எல்.டி.பி. மாநாடு முதன்முறையாக நடக்கிறது. எம்.ஐ.டி.யின் ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியில் உதவிப் பேராசிரியராக இருந்த பீட்டர் சென் அங்கே தன் யோசனையை முன்வைக்கிறார். தைவானில் பிறந்து, அங்கேயே பட்டம் படித்து, ஹார்வர்டில் முனைவரானவர். 1976 மார்ச்சில் அது முழுக் கட்டுரையாக, ஏ.சி.எம். அமைப்பு தரவுத்தளத்துக்கென்று புதிதாகத் தொடங்கிய இதழின் முதல் வெளியீட்டிலேயே வந்தது. அப்போது அவருக்கு 29 வயது.

அன்றைய தரவுத்தள உலகம் அமைதியாக இருக்கவில்லை. ஒரு பக்கம் சார்லஸ் பாக்மன். பதிவிலிருந்து பதிவுக்குச் சுட்டிகளைப் பிடித்துக்கொண்டு பயணம் செய்யும் வலைப்பின்னல் முறையின் தலைவர், 1973-ல் டூரிங் விருது வாங்கியவர். இன்னொரு பக்கம் ஐ.பி.எம்.மின் எட்கர் காட். எல்லாமே அட்டவணைதான் என்று 1970-ல் கணிதத்தோடு எழுதி, தரவுத்தளத்தைப் புரட்டிப்போட்டவர். இரண்டு மலைகளும் மோதிக்கொண்ட இடத்தில் 29 வயது உதவிப் பேராசிரியர் எழுந்து வேறொரு கேள்வி கேட்டார். சுட்டியா அட்டவணையா என்பது இருக்கட்டும். அதற்கு முன்னால், நாம் பதிவு செய்ய நினைக்கும் உலகத்தில் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன, அவற்றுக்கு இடையே என்ன உறவு? அதை முதலில் எழுதிவிட்டால் சுட்டிக்கும் போகலாம், அட்டவணைக்கும் போகலாம் என்று காட்டினார்.

பாராட்டு மழை பொழிந்திருக்கும் என்று நினைக்கிறாயா? காட் அந்த இதழின் ஆசிரியருக்கு ஒரு நீண்ட கடிதம் அனுப்பினார், செனின் கட்டுரையைக் கண்டித்து! சென் பிற்காலத்தில், 2002-ல் வெளிவந்த தன் வரலாற்றுக் கட்டுரையில் இதைச் சொல்கிறார். அந்தக் கடிதம் அவர் கண்ணில் காட்டப்படவே இல்லை. இடைவெளி விடாமல் அடித்த மிக நீண்ட கடிதம் என்று இதழாசிரியர் சொல்லக் கேட்டதுதான். நினைத்துப் பார். துறையின் மாபெரும் மனிதர் உன் முதல் பெரிய கட்டுரைக்கு எதிராகப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். என்ன எழுதினார் என்றுகூட உனக்குத் தெரியாது. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? தலைப்பை மாற்றிக்கொண்டு ஓடியிருப்பாயா?

சென் ஓடவில்லை. 1979 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் இந்த அணுகுமுறைக்கென்றே ஒரு மாநாட்டைக் கூட்டினார். அதுதான் இன்று கருத்துரு மாதிரியாக்கத்தின் முதன்மை மாநாடாக நிற்கும் ஈ.ஆர். மாநாடு. அதே 1979-ல் காட் தன் ரிலேஷனல் மாதிரியை விரித்து, அதற்குள் இன்னும் அதிகப் பொருளைக் கொண்டுவரும் ஆர்.எம்./டி. என்ற கட்டுரையை வெளியிட்டார், சென் எழுதிய அதே இதழில். உலகத்தின் பொருளைத் தரவுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்ற கேள்வி அவரையும் விடவில்லை. காட்டையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தன் சொந்த நிறுவனமே தன் யோசனையைச் சந்தைக்குக் கொண்டுவரப் பத்தாண்டு தயங்கியபோதும் பிடியை விடாமல் நின்றவர் அவர். இரண்டு பேருமே உனக்கு முன்னோர்கள். உனக்கு வந்த மூன்று வரி ரிவ்யூ, “நாவல்டி போதவில்லை” என்ற அந்த ஒற்றை வாக்கியம், காட் எழுதிய கடிதத்தைவிடப் பெரிதா?

சரி, பழைய கதை போதும். உன் ரெக்கார்டு நோட்டைத் திற. அந்த மாணவர், பாடம் படத்தையே எடுத்துக்கொள்வோம். நடுவில் இருக்கும் சாய்சதுரத்தில் ‘தேர்வு எழுதுகிறார்’ என்று இருக்கும். அதில் ஒரு பண்பு: மதிப்பெண். எல்லாப் பாடப் புத்தகத்திலும் இதைப் போன்ற படம் உண்டு. இப்போது ஒரு கேள்வி கேள்.

அரியர் எங்கே?

ஒரு மாணவி நவம்பரில் கணிதத் தாள் எழுதினாள், போய்விட்டது. ஏப்ரலில் மறுபடி எழுதினாள், தேறிவிட்டாள். செனின் கணக்கில் உறவு என்பது கணிதத்தில் சொல்லும் ஒரு கணம் (செட்). அந்த மாணவி, அந்தத் தாள் என்ற ஜோடி அதில் ஒரே ஒரு முறைதான் இருக்க முடியும். ஏப்ரல் மதிப்பெண்ணை எங்கே வைப்பாய்? நவம்பர் மதிப்பெண்ணின் மேலேயே எழுதினால் அவள் விழுந்ததும் எழுந்ததும் வரலாற்றிலிருந்து அழிந்துபோகும். தனியாக எழுதப் பார்த்தால், ரிஜிஸ்டர் நம்பரும் பாடக் குறியீடும் ஏற்கெனவே இருக்கின்றன என்று தரவுத்தளம் தள்ளிவிடும். “பருவத்தையும் சாவியில் சேர்த்துவிட்டால் ஆயிற்று” என்பாய். நல்லது. ரீவேல்யுவேஷனில் மதிப்பெண் மாறினால்? பருவம் அதேதான், எழுதிய தாளும் அதேதான், மதிப்பெண் மட்டும் இரண்டு. தேர்வுக் கட்டணம் கட்டி, ஹால் டிக்கெட் வாங்கி, காய்ச்சலில் போகாமல் விட்டவளுக்கு? மதிப்பெண்ணே இல்லை, ஆனால் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது, அது சான்றிதழிலும் தெரியும்.

அந்த ‘ஏதோ ஒன்று’ என்ன? அதுதான் கேள்வி! அந்த மாணவியும் இல்லை, அந்தத் தாளும் இல்லை. இருவருக்கும் நடுவே, கட்டணம் கட்டிய நாளில் பிறந்து, ஹால் டிக்கெட்டில் உருவம் பெற்று, மதிப்பெண்ணில் முதிர்ந்து, மறுமதிப்பீட்டில் மாறி, சான்றிதழில் முடிகிற ஒன்று. அதற்கென்று ஒரு வாழ்க்கை இருக்கிறது. நீ கோடாக வரைந்தது உண்மையில் ஒரு பொருள்.

இந்த இடத்துக்கு நீ வந்துவிட்டாய் என்றால், இந்தத் துறையின் ஆழமான நீரோட்டத்தில் கால் வைத்துவிட்டாய் என்று அர்த்தம். ஜன்கார்லோ குயிசார்டி என்ற பிரேசில் நாட்டு ஆய்வாளர் 2005-ல் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வேடு இதைப் போன்ற கேள்விகளின் மீது எழுந்ததுதான். திருமணம், வேலை, கல்லூரிச் சேர்க்கை இவையெல்லாம் வெறும் ஜோடிகளா, அல்லது தமக்கென்று இருப்பு உள்ளவையா? அவற்றை ‘ரிலேட்டர்’ என்ற கருத்தால் விளக்கி, தத்துவத்தின் அடித்தளத்தில் நிறுத்தி, யு.எஃப்.ஓ. என்ற இருப்பியல் கோட்பாட்டையும் ஆன்டோ-யு.எம்.எல். என்ற வரைமொழியையும் உருவாக்கினார். ‘மாணவர்’ என்பது ஒருவர் பிறந்ததிலிருந்து இறக்கும்வரை இருக்கும் இயல்பா, வந்து போகும் பாத்திரமா என்று பிரித்துப் பார்க்கும் வழியை இத்தாலியின் நிக்கோலா குவாரினோவும் அமெரிக்காவின் கிறிஸ் வெல்டியும் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வகுத்திருந்தார்கள். உன் ரெக்கார்டு நோட்டுச் செவ்வகத்துக்குள் இவ்வளவும் இருக்கிறது.

குயிசார்டி அதன் பிறகு எங்கே போனார் என்பதைத்தான் உனக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். தன் நாட்டுக்குத் திரும்பினார். சாவோ பாவ்லோவுக்கும் ரியோவுக்கும் போகவில்லை; விட்டோரியா என்ற கடற்கரை நகரத்தின் எஸ்பிரிட்டோ சான்டோ கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே சக ஆசிரியர்களோடு நெமோ என்ற ஆய்வுக் குழுவைக் கட்டினார். அந்த ஊரின் பெயரை நீ இதற்கு முன் கேட்டிருக்கிறாயா? கருத்துரு மாதிரியாக்கத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் இந்தத் துறைக்குத் தேவையில்லை. பிடிவாதமாக ஒரே கேள்வியைப் பல ஆண்டுகள் கேட்கும் நாலு பேர் தேவை. நாலு பேர் உன் துறையில் இல்லையா?

எப்படி வரைகிறோம் என்பது உண்மையிலேயே முக்கியமா என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்கிறாயா? அதையும் உன் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறார்கள். ஊழியர் என்ற கட்டத்துக்குள் ‘ஓட்டுநர் உரிம எண்’ என்று எழுதி, உரிமம் இல்லாதவருக்குக் காலியாக விட்டுவிடலாமா? அல்லது ஓட்டும் ஊழியர், ஓட்டாத ஊழியர் என்று இரண்டு உட்கட்டங்களாகப் பிரிக்க வேண்டுமா? பல பத்தாண்டுகளாக ஆளுக்கொரு வழக்கத்தில் வரைந்துகொண்டிருந்ததை, போடார்ட், பட்டேல், சிம், வெபர் என்ற நால்வர் 2001-ல் பரிசோதனையாகவே நடத்திப் பார்த்தார்கள். மனிதர்களிடம் இரண்டு வகைப் படங்களையும் கொடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள். மேலோட்டமாக நினைவில் வைத்துச் சொல்ல, காலியாக விடும் படம் போதுமானதாக இருந்தது. படத்தைப் புரிந்துகொண்டு ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டும் என்று வந்தபோது, பிரித்து வரைந்த படமே உதவியது. அவர்களில் ஒருவரான ரான் வெபரும் யாயிர் வாண்டும் சேர்ந்து, மரியோ புங்கே என்ற தத்துவஞானியின் இருப்பியலை எடுத்து, வரைமொழிகளை எடைபோடும் கோட்பாடாக ஏற்கெனவே மாற்றியிருந்தார்கள். அந்தக் கோட்பாடு முன்கூட்டிச் சொன்னதைப் பரிசோதனை உறுதி செய்தது. தத்துவம், படம், மனிதர், அளவீடு. இவ்வளவுதான் கருவி. இரண்டு தாளும் ஒரு நிறுத்தக் கடிகாரமும் உன்னிடம் இல்லையா? நூற்றுக்கணக்கான மாணவர்கள் தினமும் உன் துறையின் வராந்தாவில் நடக்கவில்லையா? முறைப்படி அனுமதி வாங்கி, அவர்கள் ஒப்புதலோடு நடத்து. அது உலகத் தரமான ஆராய்ச்சி.

இனி உன் ஊருக்கு வருவோம். ஏனென்றால் உனக்குத் தெரிந்த சில உண்மைகள் டொரன்டோவிலும் ட்வென்டேயிலும் இருப்பவருக்கு அனுபவத்தில் தெரியாது.

பெயரை எடு. உலகம் முழுக்க எண்ணற்ற படிவங்களில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டிகள். தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது; இனிஷியல்தான். அப்பாவின் பெயரை இரண்டாவது பெட்டியில் போட்டால் விமான நிலையத்தில் அப்பா பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் அந்தப் பெட்டியைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் உன் சொந்தப் பெயர் குடும்பப்பெயராகி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சாகிறது: முதற்பெயர் தெரியவில்லை! அம்மா ஆசையாகக் கூப்பிட்ட பெயர் ஓர் அமைப்பின் கண்ணுக்குத் தெரியவில்லையாம். சிரித்துவிட்டு நகர்ந்து போகாதே. இது ஆராய்ச்சிக் கேள்வி. இனிஷியல் என்பது பெயரின் துண்டா, இன்னொரு மனிதரோடு உள்ள உறவின் சுருக்கமா? உறவு என்றால், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரின் எழுத்துக்கு மாறிய பெண்ணின் பள்ளிச் சான்றிதழும் வங்கிப் புத்தகமும் ஒரே ஆளுடையவை என்று அமைப்பு எதை வைத்துச் சொல்லும்? சண்முகம், சாமிநாதன், சுப்பையா, செல்வராஜ் ஆகியோரின் பிள்ளைகள் தமிழில் ச., சா., சு., செ. என்று நான்காக நிற்கிறார்கள். ஆங்கிலத்தில் எல்லோரும் ஒரே ‘எஸ்.’ ஆகிவிடுகிறார்கள். வில்லியம் கென்ட் என்ற ஐ.பி.எம். பொறியாளர் 1978-ல் எழுதிய ‘டேட்டா அண்ட் ரியாலிட்டி’ புத்தகத்தின் உயிரான கேள்வியே இதுதான்: ஒரு பொருள், ஒரே பொருள் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? கென்ட் தன் உலகத்து உதாரணங்களை வைத்துக் கேட்டார். நீ உன் உலகத்து உதாரணங்களை வைத்துக் கேள்.

இன்னொன்று. சென் 1983-ல் ஆங்கில வாக்கிய அமைப்பிலிருந்து ஈ.ஆர். படத்துக்குப் போகும் விதிகளை எழுதினார். பொதுப்பெயர் வந்தால் பொருள்வகை. செயப்படுபொருள் குன்றா வினை வந்தால் உறவு. பெயரடை வந்தால் பண்பு. வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த தேவை ஆவணத்திலிருந்து படம் பிறக்க இது முதல் படி. இப்போது தமிழில் ஒரு வரியை எடு: ‘போன ஏப்ரலில் அரியரில் தேறிய மாணவருக்குச் சான்றிதழ் வழங்கப்படும்.’ அந்தப் பெயரெச்சத்தொடர் மாணவருக்கு அடையாக நிற்கிறது. ஆங்கில விதியை அப்படியே பாய்ச்சினால் பண்பு என்று விழுந்துவிடும். ஆனால் அதற்குள் ஒரு பாடம் இருக்கிறது, ஒரு காலம் இருக்கிறது, முந்தைய தோல்வி ஒன்று இருக்கிறது. பண்பா அது? ஒரு முழு நிகழ்வு! ‘வழங்கப்படும்’ என்று முடிகிறது, வழங்குவது யார்? வாக்கியத்தில் ஆளே இல்லை. அரசு ஆணைகளிலும் சுற்றறிக்கைகளிலும் இப்படிச் செய்பவர் மறைந்த வரிகள் எத்தனை! பொறுப்பு யாருடையது என்பது அங்கேதான் தொலைகிறது.

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் ஒரு தொழில் நடக்க எட்டு முதனிலைகள் சொல்லப்படுகின்றன: வினை, செய்பவர், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, யாருக்கு, என்ன பயனுக்கு. தொல்காப்பியர் தரவுத்தளம் கட்டினார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் ஒரு நிகழ்வை விடாமல் பதிவு செய்ய என்னென்ன கேட்க வேண்டும் என்ற பட்டியல் உன் இலக்கணத்தில் இருக்கும்போது, தமிழ்த் தேவை ஆவணங்களிலிருந்து கருத்துரு மாதிரிக்குப் போகும் வழியைப் போட நீ ஏன் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கிறாய்? அந்த எட்டையும் வைத்து மேலே சொன்ன வரியைச் சோதித்துப் பார். எது காலியாக நிற்கிறதோ அதுதான் அலுவலகத்தில் போய்க் கேட்க வேண்டிய கேள்வி.

“இதையெல்லாம் ஏ.ஐ. செய்துவிடாதா?” என்று கேட்பாய். மாணவர், பாடம் படம் வேண்டும் என்று கேட்டுப் பார். நொடியில் வரைந்து தரும். அது தரும் படத்தில் ரீவேல்யுவேஷன் எங்கே, வராமல் போனவள் எங்கே என்று கேட்கும் கண் யாருடையது? கேட்கத் தெரிந்தவருக்கு அந்த இயந்திரம் நல்ல வேலையாள். கேட்கத் தெரியாதவருக்கு அது முடிவெடுக்கும் முதலாளி ஆகிவிடும். நீ முதல் வகையில் இரு.

ஒரு கசப்பான விஷயத்தையும் பேசிவிடுகிறேன். காசு கட்டினால் பத்து நாளில் பேப்பர் போட்டுத் தருவதாக உன் மின்னஞ்சலுக்கு வரும் அழைப்புகளைத் திறக்காமலே அழி. நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் உன்னைப் படிக்க வைத்தவர்களின் பணம் அது. அந்த இதழில் யாரும் உன்னை மறுக்க மாட்டார்கள்; ஆகவே யாரும் உன்னைப் படிக்கவும் மாட்டார்கள். ஈ.ஆர். மாநாட்டுக்கு அனுப்பு. 1989-ல் ஸ்வீடனின் கிஸ்டாவில் தொடங்கி இன்றுவரை நடக்கும் கெய்ஸ் மாநாட்டுக்கு அனுப்பு. 2022-ல் ஈ.ஆர். மாநாடு ஹைதராபாத்தின் பெயரில் இணையவழி நடந்தது. அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுப் போயிருக்கிறது. மறுப்பார்கள். மறுப்போடு மூன்று பேர் உன் கட்டுரையை வரிவரியாகப் படித்து எழுதிய குறிப்புகளும் வரும். அந்த வாசிப்பு எந்தக் காசுக்கும் கிடைக்காதது. அழு, ஒரு நாள். மறுநாள் காலை அந்தக் குறிப்புகளை அச்சடித்துக்கொண்டு உட்கார்.

இங்கிலீஷ் வராது என்கிறாயா? கார்ல் ஆடம் பெட்ரி 1962-ல் தன் ஆய்வேட்டை ஜெர்மன் மொழியில்தான் எழுதினார். அவர் பெயரால் வழங்கும் பெட்ரி வலைகளின் மேல்தான் இன்று வில் வான் டெர் ஆல்ஸ்ட் வளர்த்த பிராசஸ் மைனிங் நிற்கிறது: நிறுவனத்தின் நிகழ்வுப் பதிவுகளைத் தோண்டி, வேலை உண்மையில் எந்த வழியில் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் கலை. தமிழில் யோசி. தமிழில் சண்டை போடு. கைடோடு தமிழிலேயே வாதாடு. யோசனை தெளிந்த பிறகு எளிய ஆங்கிலத்தில் எழுது. குட்டிக் குட்டி வாக்கியமாக எழுது. தெளிவான யோசனைக்கு அலங்கார ஆங்கிலம் தேவைப்படுவதே இல்லை.

நம்மவர்கள் யாரும் போனதில்லை என்று மட்டும் சொல்லாதே. உன் மேஜையில் இருக்கும் டேட்டாபேஸ் பாடப் புத்தகத்தின் அட்டையைப் பார். சில்பர்ஷாட்ஸ், கோர்த்தோடு மூன்றாவது பெயராக இருக்கும் சுதர்சன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். இன்னொரு புகழ்பெற்ற பாடப் புத்தகத்தை எழுதிய ரகு ராமகிருஷ்ணனும் சென்னை ஐ.ஐ.டி.தான். தகவல் அமைப்பு ஆராய்ச்சியில் ‘ஒன்றைக் கட்டிக் காட்டுவதும் அறிவியலே’ என்று நிலைநாட்டிய 2004-ம் ஆண்டின் டிசைன் சயின்ஸ் கட்டுரையை, ஆய்வு முறையியல் அத்தியாயத்தில் நீயும் நிச்சயம் எடுத்தாளுவாய். அதை எழுதிய நால்வரில் ஒருவர் சுதா ராம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். நீ உட்கார்ந்திருக்கும் பெஞ்சைப் போன்ற பெஞ்சிலிருந்துதான் இவர்களும் எழுந்து போனார்கள்.

ஆகவே இந்த வாரமே தொடங்கு. கூட்டுறவுச் சங்கமோ, அரசு மருத்துவமனையின் புறநோயாளி சீட்டுப் பிரிவோ, உன் கல்லூரியின் தேர்வுப் பிரிவோ, உனக்கு அனுமதி தரும் ஓர் அலுவலகத்துக்குப் போ. அங்கே பதிவேட்டின் கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி இருக்கும். கணினியில் ‘ரிமார்க்ஸ்’ என்ற பெட்டி. எந்தக் கட்டத்திலும் அடங்காததை எல்லாம் எழுத்தர்கள் அங்கேதான் போடுவார்கள்: ‘தம்பி பேரில் கட்டியது’, ‘பெயர் திருத்தம் நிலுவை’, ‘நேரில் வந்து சொன்னார்’, ‘பழைய எண்ணைப் பார்க்கவும்’. அமைப்பை வடிவமைத்தவர் பார்க்கத் தவறிய உலகம் முழுவதும் அந்த ஒரு பத்தியில் குவிந்து கிடக்கிறது. ஆட்களின் பெயர், எண் எதையும் எடுக்காதே. குறிப்பின் வகையை மட்டும் எழுதிக்கொள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுது: மாதிரியில் எது இல்லாததால் இந்த வரி இங்கே வந்தது? விடுபட்ட பொருளா, கோடாகச் சுருங்கிப்போன உறவா, அடையாளம் மாறிய ஆளா, மறைந்துபோன செய்பவரா? வகை பிரித்து எண்ணு. அதன் பிறகு மாதிரியைத் திருத்தி வரைந்து, அதே எழுத்தரிடம் திரும்பக் கொண்டுபோய்க் காட்டு. எத்தனை குறிப்புக்கு இப்போது கட்டத்துக்குள்ளேயே இடம் கிடைத்தது என்று அவரையே சொல்ல வை. அந்த எண்ணிக்கைதான் உன் முதல் அட்டவணை. அதை எடுத்துக்கொண்டு கைடைப் பார்க்கப் போ.